நீ கேட்ட தும்மல் மருந்து

தாயி,

உன் கடிதம் கிடைத்தது. என் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அது எங்கே போகும், என்னோடுதான் இருக்கிறது. முதலில் உன் மூக்குக்கு வருகிறேன். கார்த்திகை பிறந்ததிலிருந்து விடிந்ததும் தும்மல் பிடித்துக்கொள்கிறது, கண் சிவந்து தண்ணீராய்க் கொட்டுகிறது, மேலண்ணம் அரிக்கிற அரிப்பில் நாக்கால் தேய்த்துத் தேய்த்து நாக்கே புண்ணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் இதே தொல்லை இருந்ததே, என்ன மருந்து கொடுத்து நிறுத்தினாய், அதை எழுது என்கிறாய். அதோடு விட்டிருந்தால் நானும் நொச்சி, மிளகு என்று நாலு வரி எழுதிப் போட்டிருப்பேன். அதற்குக் கீழே இன்னொன்று எழுதினாயே. அப்பா மேல் இருந்த புகையிலை நெடி எனக்கு ஆகாமல் இருந்தது, அவர் போனதும் நின்றுவிட்டது, அதே மாதிரி இப்போது இவருடைய அரிசி மில் தவிட்டுத் தூசி ஆகவில்லை, அதனால் இவர் மில்லை விட்டுவிட்டுத் தை கடைசியில் மலைமேல் எஸ்டேட் வேலைக்குப் போகிறார் என்று. படித்ததும், உன் அப்பா உனக்கு ஆகாமல் போனார் என்று எவர் சொன்னது என்று வீட்டில் தனியாக நின்று சத்தம் போட்டேன். பிறகு நானே உட்கார்ந்துவிட்டேன். ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக ஒரு கார்டில் முடிக்கிறவள் இம்புட்டுத் தாளை எடுத்து வைத்திருக்கிறேனே என்று பார்க்காதே. என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், அஞ்சாவது படித்த கை. பொறுமையாகப் படி. உன் மாமியார் முன்னால் வைத்துப் பிரிக்க வேண்டாம், கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போ. வாழப்போன பிள்ளைக்குத் தாலி இழந்தவள் எழுதக்கூடாத பேச்சு ஒன்று இதில் வரும். அதை எழுதாமல் இருக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். மாப்பிள்ளை மலைக்குப் பெட்டி கட்டுகிறார் என்ற பிறகு இனி மறைத்து என்ன செய்யப் போகிறேன்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது ஆரம்பித்தது. அடைமழை ஓய்ந்து பனி இறங்கும் நேரம் வந்தால் உன் மூக்கும் வந்துவிடும். மாசி முடிந்து வெயில் ஏறினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடி விளையாடுவாய். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் நடுவில் குறுக்காக ஒரு கோடு விழுந்துவிட்டது. இன்னும் இருக்கிறது, கண்ணாடியில் பார். பள்ளிக்கூடத்தில் உன்னைத் தும்மச்சி என்று கூப்பிட்டார்கள், நீ அழுதுகொண்டு வருவாய், அழுதால் இன்னும் அடைக்கும், அடைத்தால் இன்னும் அழுவாய்.

பார்க்காத வைத்தியமா? நொச்சித் தழையை வேகவைத்து ஆவி பிடிக்கப் போர்வைக்குள் உன்னைப் பிடித்து அமுக்கினால் என்னைக் கடித்துவிட்டு ஓடுவாய். தும்பைப் பூவைக் கசக்கி மூக்கில் இரண்டு சொட்டு விட்டேன். சுக்கும் மிளகும் திப்பிலியும் தேனில் குழைத்துக் கொடுத்தேன். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகை காட்டினேன். மலைக்கோட்டைக்குப் பின்னால் இருந்த வைத்தியர் இது பீனிசம், மூக்கடைப்பு நோய் என்று சொல்லித் தைலம் கொடுத்தார். தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தேங்காய் ஆகாது என்று பத்தியம் வைத்ததில் நீ வெறும் ரசச்சோறு தின்று குச்சியாகிப் போனாய். பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை மட்டும்தான் கொஞ்சம் கேட்டது. அதைத் தின்றால் தும்மல் அடங்கும், நீயும் அடங்கிவிடுவாய், பள்ளிக்கூடத்தில் பலகையிலேயே தூங்கிவிட்டாய் என்று வாத்தியாரம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். பழனிக்கு நேர்ந்து மொட்டை போட்டோம். எதிர்வீட்டுத் தாத்தா, தும்மலைத் தும்மலால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உன் மூக்கில் வைத்துவிட்டார். அன்றைக்கு நீ தும்மிய தும்மலில் உன் அப்பாவுக்கே முதலில் சிரிப்பு வந்து, பிறகு தாத்தாவோடு சண்டைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக் கதீஜா அக்கா கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தார். தோல் மண்டியில் கணக்கு எழுதிய அவர் வீட்டுக்காரரும் எத்தனையோ முறை தர்காத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அதையும் குடித்தாய். ஒன்றும் நிற்கவில்லை.

உன் அப்பாவுக்குச் சுருட்டுக் கம்பெனியில் வேலை என்று உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று தெரியாது. வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள், ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். சுற்றுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கூலி கொடுப்பார்கள். அங்கே கேட்ட உலகச் சேதியெல்லாம் சாயந்தரம் நம் வீட்டுக்கு வரும். படிக்கத் தெரியாத மனிதர், எந்த நாட்டில் யார் மந்திரி என்று எனக்குச் சொல்லித் தருவார். அவர் சுற்றிய சுருட்டைப் பார்த்தாலே அவர் கை தெரியும் என்று முதலாளியே சொல்வார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. வேலை முடிந்ததும் கம்பெனிக் குழாயடியில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எதற்கு? மணிக்கூண்டுப் பக்கம் பூ வாங்க வேண்டுமே. புகையிலைக் கையோடு பூவைத் தொட்டால் பூ நாறிவிடும் என்று அவ்வளவு கவனம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாயந்தரம்கூட வெறுங்கையோடு அவர் வந்ததில்லை. கோடையில் மல்லிகை. பனிக்காலத்தில் மல்லிகைக்கு எங்கே போவது, அப்போது கதம்பம். மஞ்சள் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் கனகாம்பரம் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மரிக்கொழுந்து வாசம் கூடம் முழுக்க நிறைந்துவிடும். உனக்குச் சளி பிடித்த தலை என்று பூ வைக்க மாட்டேன். எல்லாவற்றையும் நான்தான் வைத்துக்கொள்வேன். வைத்துக்கொண்டு, தும்மி அழுகிற உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை என் கழுத்தோடு அணைத்துத் தட்டிக்கொடுப்பேன்.

இதைப் படிக்கும்போதே உனக்குப் புரிந்திருக்கும். நீ கெட்டிக்காரி. எங்களுக்குப் புரியவில்லையே, ஆத்தா.

எல்லாரும் புகையிலையைத்தான் சொன்னார்கள். யாருக்கானாலும் அதுதானே தோன்றும்? சுருட்டுக் கம்பெனிக்குள் புதிதாக நுழைந்தவனுக்கு நாலு தும்மல் வராமல் இருக்காது. சட்டை, வேட்டி, தலைமயிர் எல்லாம் நெடி. டாக்டரும் அப்பா என்ன வேலை என்று கேட்டார், சொன்னோம், தலையை ஆட்டினார். அதன் பிறகு உன் அப்பா கொல்லைவழியாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்போதும் நீ தும்மினாய். ஒரு கார்த்திகையில் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். அந்த முதலாளி வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளை மூச்சு விட வேண்டும் முதலாளி என்று ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாரியில் லோடுமேன் வேலை கிடைத்தது. சுருட்டு சுற்றிய விரலால் மூட்டை தூக்கினார். பேப்பர் வாசிப்பு இல்லை, சேதி இல்லை, வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பார், நான் எண்ணெய் தேய்த்து விடுவேன்.

இப்போது நான் எழுதப்போவதுதான் எனக்கு நெஞ்சில் கிடக்கிற முள். அவர் லாரிக்குப் போன பிறகு தினமும் வீட்டுக்கு வர முடியவில்லை, நடுநடுவே ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வருவார். அவர் வராத நாட்களில் உனக்குத் தும்மல் குறைந்தது. வந்த நாளில் பிடித்துக்கொண்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். புகையிலையை விட்டாகிவிட்டது, வேறு துணி, வேறு ஊர், அப்படியும் தான் வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைக்கு மூச்சடைக்கிறது. இத்தனை வருஷப் புகையிலை என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது போலிருக்கிறது, வேர்வையில் வருகிறது என்று சொன்னார். நான் இல்லை என்று சொன்னேன். இல்லை என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. வத்தலக்குண்டுச் சந்தையில் பூ மலிவு, ஆசை ஆசையாகக் கை நிறைய வாங்கி வந்தார், அம்புட்டும் மரிக்கொழுந்து. நானும் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன். அதைத்தான் நீ மூச்சில் இழுத்தாய். பழி அவர் மேல் விழுந்தது.

அதன் பிறகு அவர் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். வருவார், வாசல்படிக்கு வெளியே நிற்பார், எட்டிப் பார்த்து நீ தூங்குகிறாயா என்று கேட்பார்.

"ஏ புள்ள, பூவ வாங்கிக்க. நான் உள்ள வரல. பாப்பா செத்த நேரம் நல்லா மூச்சு விடட்டும்."

பொட்டலத்தை நீட்டிவிட்டு லாரி ஷெட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். பெற்ற பிள்ளையைத் தூக்காமல் அந்தப் பனிக்காலம் முழுவதும் இருந்தார். வெயில் வந்ததும் ஆசை தீர உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டைக்குளம் வரை நடந்தார், அது உனக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த ஐப்பசி மழையில் மலைப்பாதைத் திருப்பத்தில் லாரி உருண்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன். உனக்கு எட்டு வயது.

காரியம் முடிந்து என் தலையில் இருந்த பூவை எடுத்தார்கள், கார்த்திகை வந்தது, பனி வந்தது, உன் தும்மல் வரவில்லை. தை வந்தது, வரவில்லை. மாசியும் போய்விட்டது. அப்பன் போகும்போது பிள்ளையின் நோயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் பேசியது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கேட்கக் கேட்க எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. போனவர் சும்மா போகவில்லை, எதையோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் மார்கழியில் கதீஜா அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தலை நிறையக் கதம்பத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். உன்னை மடியில் போட்டுக் கொஞ்சினார். நீ தும்ம ஆரம்பித்தாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வீடு திரும்பின கொஞ்ச நேரத்தில் உனக்கு நின்றுவிட்டது. அவர் தலையில் என்ன இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, அக்காவிடமே போய்ச் சொன்னேன். எனக்கு ஒரு முழம் கதம்பம் வேண்டும், நான் கடைக்குப் போய் வாங்க முடியாது, வாங்கிக் கொடுங்கள் என்றேன். அக்கா முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, அவரே என் கொண்டையில் வைத்தார். பாவம் வரும் என்று பயந்தேன்.

"பெத்த புள்ளைக்காக வக்கிறே. அல்லாவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான், ஒங்க சாமியும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

முந்தானையை முக்காடாக இழுத்துப் போட்டுப் பூவை மறைத்துக்கொண்டு, அரிசி புடைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். பையைப் போட்டுவிட்டு எப்போதும்போல் பின்னால் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை வைத்தாய். ஒரு மூச்சு இழுத்தாய்.

"அம்மா, அப்பா வந்திருக்காரா?"

கேட்டுவிட்டு வாசல்பக்கம் ஓடினாய். அங்கே போய் நின்ற பிறகுதான் உனக்கு நினைவு வந்தது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாய், அப்போதுதான் முதல் தும்மல் வந்தது. பிறகு நிற்கவே இல்லை. பழையபடி கண் வீங்கி, மூக்கு ஒழுகி, நீ அழுதாய், நான் உன்னைக் கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் கொல்லைக்கு ஓடிப்போய்ப் பூவைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன். உனக்கு இது நினைவிருக்கிறதா? இருக்காது. அம்மாவுக்கு அன்றைக்குத் தலைக்குள் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதுதான் நீ கேட்ட மருந்து. உன் தும்மலை நிறுத்தியது நொச்சியும் இல்லை, தைலமும் இல்லை, பழனியாண்டவரும் இல்லை. நான் பூ இழந்ததுதான் நிறுத்தியது. இதை எப்படி ஒரு பிள்ளையிடம் சொல்வது? சொன்னால், உன் அப்பா சுருட்டை விட்டது வீண், லாரிக்குப் போனது வீண், வாசலில் நின்றது வீண் என்று சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். ஆசையாகப் பூ வாங்கி வருவது ஒரு மனிதனைக் கொல்லும் என்று எந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல முடியும்? இதை என் குற்றம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவர் குற்றமும் இல்லை. பூ வாங்கினார், வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நாங்கள் செய்தது. அது இப்படி முடியும் என்று யார் கண்டார்கள்? சாமியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

நீ பெரியவளான பிறகு மல்லிகை வாங்கித் தந்தேன், கனகாம்பரம் தந்தேன், மரிக்கொழுந்து கேட்டால் மட்டும் தலைவலி வரும் என்று மறுத்தேன். அதே போல் உன் கல்யாணத்துக்குத் தை முகூர்த்தம் வேண்டாம், வைகாசிதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேனே, சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்களே, அதுவும் இதற்குத்தான். மல்லிகை மாலையோடு உன்னை அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பிய பிறகு கார்த்திகை வருமே, புது மருமகளுக்கு மாமியார் கதம்பம் வாங்கி வைப்பாரே, மாப்பிள்ளை சாயந்தரம் பொட்டலத்தோடு வருவாரே என்று எல்லாம் தெரிந்தும் எழுதவில்லை. பூவை எடு என்று ஒரு சுமங்கலிக்கு, அதுவும் பெற்ற மகளுக்கு, என் கையால் எழுதினால் அது சாபமாகிவிடுமோ என்று பயம். பயந்துகொண்டு சும்மா இருந்ததில் பழைய கதை அங்கே திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. நீ வாழப்போனதும் அதே வத்தலக்குண்டு, மாப்பிள்ளை போகப்போவதும் அதே மலைப்பாதை.

இனி நான் சொல்கிறபடி செய். பூ வைக்காதே என்று சொல்லவில்லை, அந்தச் சொல் என்னிடமிருந்து வராது. தலை நிறைய வை. கனகாம்பரம் வை, ரோஜா வை, மல்லிகை கிடைத்தால் மல்லிகை வை. மரிக்கொழுந்தும் செவ்வந்தியும் மட்டும் உன் பக்கத்தில் வரக்கூடாது, உன் மாமியார் தலையிலும் வேண்டாம், சாமி படத்துக்கும் வேண்டாம். ஒரு வாரம் இப்படி இருந்து பார், மூக்கு தானாகச் சொல்லும். உன் மாமியாரிடம் நான் சொன்னேன் என்றே சொல். தாலி இழந்தவள் பூவைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், நான் வந்து எதிரில் உட்கார்ந்து பேசுகிறேன். உன் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நான் இதுவரை வந்ததில்லை. அதற்கு மேல் அந்த மலைப்பாதைதான், ஏன் என்று உனக்குத் தெரியும். இதற்காக வருகிறேன்.

மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல், மில்லை விட வேண்டாம் என்று. உன் கடிதத்தில் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், தூசி உனக்கு ஆகாது என்று அவர் இப்போதெல்லாம் மில்லிலேயே படுத்துக்கொள்கிறார், சாயந்தரம் பூவை மட்டும் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார், எவ்வளவு நல்ல மனுஷர் பார் அம்மா என்று. நல்ல மனுஷர்தான், ஆத்தா. உன் அப்பாவும் நல்ல மனுஷர். நாளைக்கு அவர் வந்தால், கையில் எந்தப் பூ இருந்தாலும் சரி, அதை வாங்கித் தூரமாக வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிடு.

அம்மா